ஏழாவது நிமிடத்துக் குருவி

“இவளை இன்னிக்கே வேலையை விட்டு எடுங்க சார்!”

பெரியவர் ஆபீசரின் மேசைமேல் ஓங்கித் தட்டினார். இருபத்தாறு வருஷமாகக் காட்டில் பறவைக் கணக்கு எடுக்கிறார். யார் மேலும் ஒரு புகார் சொன்னதில்லை. இலைக்குப் பின்னால் எது கத்தினாலும் பார்க்காமலே பேர் சொல்லிவிடுவதால், ஆபீசில் அவருக்குப் பேரே ‘பாம்புக்காது’.

பக்கத்தில், கொண்டையில் பென்சிலைச் செருகியபடி தலைகுனிந்து நின்றாள் அவருடைய ஜோடி. நாலு வருஷமாக அவரோடு சேர்ந்து கணக்கு எடுக்கிறவள்.

“முதல்ல உட்காருங்கண்ணே,” என்றார் ஆபீசர். ஃபைல் கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்த ஆபீஸ் பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடியது. “என்னதான் நடந்துச்சு?”

“முறை உங்களுக்கே தெரியும். ஒரே இடத்துல முதுகோட முதுகா நிக்கணும். பத்து நிமிஷம் பேச்சு மூச்சு கூடாது. அவங்கவங்க காதுல விழுந்ததை அவங்கவங்க தாள்ல நிமிஷத்தோட எழுதணும். அடுத்தவர் தாளைப் பார்க்கவே கூடாது.”

“ஆமா.”

“காலையில நாலாவது இடத்துல கணக்கு முடிஞ்சதும், என் தாளைப் பையில வைன்னு இவகிட்ட கொடுத்துட்டு நடந்தேன். குடையை மறந்துட்டேன்னு திரும்பினா, என் தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு தன் தாள்ல ரப்பர் போட்டுக்கிட்டிருக்கா!”

அவளுடைய தாளை மேசையில் போட்டார். ஏழாவது நிமிடத்துக்கு நேரே நன்றாகத் தேய்த்திருந்தது. ஆபீசர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது.

“ஊசி... மூணு.”

ஊசி என்பது கட்டைவிரல் அளவுக் குருவி. குரலும் ஊசி மாதிரி மெலிசு. அதனால் கணக்கெடுப்பவர்கள் வைத்த பேர்.

“ஊசியா?” பெரியவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “அது இந்தக் காட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சே சார்! அறிக்கை எழுதினதே நான்தானே? கையெழுத்துப் போடறப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. இல்லாத குருவியை மூணுன்னு எழுதியிருக்கா பாருங்க!”

“சரி, எழுதினவ ஏன் அழிக்கணும்?”

“ரெண்டு தாளும் ஒத்துப்போகலைன்னா ரெண்டு பேருக்கும் காது சோதனை வைப்பீங்களே? தேறாதவங்களுக்குக் காடு கிடையாது, மேசை வேலைதான். அந்தப் பயம்!”

ஆபீசர் அவளிடம் திரும்பினார். “என்னம்மா, அண்ணன் சொல்றது நிஜமா?”

“அழிச்சது நிஜம் சார்.”

“ஏன்?”

அவள் கொண்டையில் பென்சிலை இன்னும் ஆழமாகச் செருகினாள்.

“அழுத்தக்காரி! கூடப்பொறந்தவ மாதிரி நினைச்சேனே!” பெரியவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இந்த மாசம் புதுசா அந்த இடத்து மரத்துல கட்டினீங்களே ஒலிப்பதிவுப் பெட்டி, அதைக் கையோட அவுத்துட்டு வந்திருக்கேன். அது யாருக்கும் பயப்படாது. காலையில பதிஞ்சதைப் போடுங்க.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “வேணாம்ணே. நானே வேலையை விட்டுடறேன்.”

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா! போடுங்க சார்!”

ஆபீசர் பெட்டியை மேசையின் நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். முதல் நிமிடத்தில் ஒரு புறா குமுறியது.

“புறா. ரெண்டு தாள்லயும் இருக்கு,” என்றார் பெரியவர்.

மூன்றாவது நிமிடத்தில் மரங்கொத்தி தட்டியது. அதுவும் இரண்டிலும் இருந்தது.

ஏழாவது நிமிடம் வந்தது. பெரியவர் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டார். கிளை உரசியது. சருகு புரண்டது. அரை நிமிடம் ஓடியது.

“காத்துதான் அடிக்குது.” ஜெயித்த சிரிப்போடு கண்ணைத் திறந்தார். “எங்கே குருவி?”

தூங்கிக்கொண்டிருந்த பூனை மேசைக்கு வந்திருந்தது. இரண்டு காதும் விறைக்கப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் சந்துக்குள் நகத்தை விட்டுத் துழாவியது.

“இதுக்கு என்ன வந்துச்சு?”

ஆபீசர் பூனையை விலக்கினார். “அண்ணே... மூணு ஊசி. விடாம கத்திக்கிட்டிருக்கு.”

பெரியவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பூனையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாளா அழிக்கிறே?”

அவள் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேசையில் வைத்தாள்.

“ஊசி போயிடுச்சுன்னு அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டீங்களே, அன்னிலேருந்துண்ணே.”