பட்டியலில் ஒரு பெயர்

நானும் என் கணவர் பலராமனும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே கம்பெனியில், ஒரே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தோம். அவருக்கு முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது. வார நாட்களில் பேச நேரமே கிடைக்காது. அதனால் ஒருவருக்கொருவர் வெற்று ஃபைல்கள் வைத்துவிட்டுப் போவோம். உள்ளே ஒன்றும் இருக்காது, பெயர்தான் சேதி. 'தூங்கிகினு இருந்தே, எழுப்பல' என்று அவர் வைப்பார். 'சாவி ஜன்னல்ல' என்று நான் வைப்பேன். எல்லா ஃபைல்களின் பெயரையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் பட்டியலில் தேடிப் படித்துக்கொள்வோம்.

ஜூனில் ஷிப்ட் பஸ் கவிழ்ந்தது. அவர் திரும்பவில்லை.

போன ஞாயிறு நாங்கள் இருந்த வல்லக்கோட்டை வீட்டைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் அம்மாவிடம் வந்துவிட்டேன்.

திங்களன்று மேனேஜர் நரசிம்மன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சசி, பலராமன் ஃபைலுங்க இருக்கற டைரக்டரிய அழிச்சிடும்மா. லிஸ்ட்லயும் வராத மாதிரி செட் பண்ணிடு."

அழித்தேன். பட்டியல் எடுக்கும்போது கம்ப்யூட்டர் அந்தப் பக்கமே போகாதபடி செட்டிங்கில் ஒரு வரி எழுதினேன். புதுப் பட்டியல் எடுத்து அவர் டைரக்டரியைத் தேடினேன். பூஜ்யம் என்று வந்தது.

இன்று மேனேஜர் கூப்பிட்டார். "இன்னாம்மா, இன்னும் ஒண்ணு காட்டுது?"

"பழைய லிஸ்ட்டா இருக்கும் சார்."

மறுபடி பட்டியல் எடுத்தேன். ஒன்று. டிஸ்க்கில் பார்த்தேன், அப்படி ஒரு ஃபைலே இல்லை. பட்டியலில் மட்டும் இருந்தது.

பெயரைக் காட்டச் சொன்னேன்.

'வூடு பூட்டிகீது சசி. ஜன்னல்ல சாவி இல்ல.'