சவுண்டு சிப்

டிவியோடு இணைத்து ஓட்டும் அந்தக் காலத்து எட்டு-பிட் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பதுதான் கோதண்டத்தின் பொழுதுபோக்கு. ஜெசிந்தா டீச்சர் தன்னுடையதைக் கொண்டுவந்தபோது அதில் பெரிய பழுது ஒன்றுமில்லை; உள்ளே ஒரு வயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் சவுண்டு சிப் நன்றாக இருந்தது. இப்போது எங்கேயும் செய்யாத சிப். அதே மாதிரி சிப் செத்துப்போய்த்தான் அவனுடைய சொந்த மெஷின் ஊமையாகக் கிடந்தது. இரண்டு சிப்பையும் மாற்றிப் போட்டுவிட்டான்.

"படம் வருது டீச்சர். சத்தம்தான் இனி வராது."

"பரவாயில்ல தம்பி. இவ்வளவு பண்ணதே பெருசு" என்றவர், மேஜையிலிருந்த அவன் மெஷினைப் பார்த்தார். "இது பாடுமா?"

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. போட்டான். கீச்சுக்குரலில் ஒரு பாட்டு கிளம்பியது. டீச்சர் அது முடியும்வரை நின்று கேட்டார்.

"அதே சத்தம். எம் பையன் இப்படித்தான் வீட்டையே ரெண்டாக்குவான்."

பிறகு தன் கம்ப்யூட்டரை அவன் பக்கம் நகர்த்தினார். "இதையும் நீங்களே வச்சுக்குங்க. உங்ககிட்ட இருந்தா எதுக்காவது உதவும்."

கோதண்டம் தலை நிமிராமல், ஏற்கெனவே இறுகியிருந்த ஸ்க்ரூவை மறுபடி மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தான்.