மாடிக்கு ஒரு முகவரி

காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்டீவன், ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கே சொந்தமான மெயில் சர்வராக மாற்றினான். வெளி இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. தனக்கொன்று, மனைவி சுகிர்தாவுக்கொன்று என்று முகவரி போட்டவன், என்றைக்காவது கட்டப்போகும் மாடிக்கும் ஒன்று போட்டுவைத்தான். கொத்தனார் வராவிட்டாலும் மெயில் வரட்டுமே. இப்போதைக்குக் கூரைமேல் தூண்கம்பிகள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. ஏறிப்போகப் படிக்கட்டுகூடக் கிடையாது.

முதல் மெயில் மாடியிலிருந்து வந்தது: ‘பாப்பா அழுவுது. மேல அனுப்புங்க.’

தூளியில் கைக்குழந்தை நான்சி, கொலுசுக் காலை உதைத்து அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“இன்னா சுகிர்தா, மாடி பேர்ல மெயில் போட்டு வெளாடிக்கினு கீறியா?”

“நான் மீன் கழுவிக்கினு கீறேன். புள்ளைய ஆட்றத வுட்டுட்டு உனுக்கு இதே பொழப்பாப் போச்சு!”

ஸ்டீவன் மாடியின் முகவரியை அழித்தான். அழுகை நின்றது. அப்பாடா என்று திரையைப் பார்த்தால், அழித்த முகவரியிலிருந்தே இன்னொரு மெயில்: ‘வந்துட்டா.’

தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. தலைக்கு மேலே கொலுசுச் சத்தம் ஒன்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நடந்து போனது.

நான்சி இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை.