கலப்பு வாத்து

"இது கலப்புங்க. இதுக்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பல் டாக்டர் சொன்னதும், ஏரிக்கரையே சப்பென்று ஆகிவிட்டது.

மருந்துக்கடைக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. பறவை பார்க்கும் குழுவில் அவள்தான் புதுசு. காட்டு வாத்துக் கூட்டத்துக்கு நடுவே அந்த அபூர்வ வாத்தை அடையாளம் கண்டு, எல்லோருக்கும் செய்தி அனுப்பி வரவழைத்ததும் அவள்தான்.

"நல்லாப் பாருங்க டாக்டர். கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம். குட்டி அலகு. நெத்தி வெள்ளை உச்சந்தலை வரைக்கும் ஏறியிருக்கு!"

"கழுத்தைப் பாருங்கம்மா, எவ்வளவு தடிமன்! வீட்டு வாத்து ரத்தம் கலந்திருக்கு. அவ்வளவுதான்."

பறவை விஷயத்தில் டாக்டர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. பெரிய பெரிய கேமராக்கள் பைக்குள் போயின.

"புதுசா வந்தவ பேர் வாங்கிட்டா மனுஷனுக்குப் பொறுக்குமா?" என்று முணுமுணுத்தபடியே ஒருவர் வண்டியைக் கிளப்பினார்.

அவள் மட்டும் நகரவில்லை. தான் பார்த்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். நேரே அவரிடம் போனாள்.

"போட்டோ எடுத்து வெச்சிருக்கேன் டாக்டர். வெளியூர் நிபுணர்களுக்கு அனுப்பப்போறேன். நான் விடறதா இல்லை."

"அனுப்பினா, நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்வாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்போ தெரிஞ்சேதான் பொய் சொன்னீங்களா?"

அவர் தொலைநோக்கியை நாணல் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து பார்த்தாள்.

அதே மஞ்சள் வளையத்தோடு இன்னொரு வாத்து. ஒரு இறக்கை தண்ணீரில் தொங்கிக் கிடந்தது.

"அதோட ஜோடி. இதை விட்டுட்டுப் போக மனசில்லாமதான் அது இங்கேயே சுத்துது. கேமராக்காரங்க கரையில இறங்கினதும் அடிபட்ட இது மேய்ச்சலை விட்டுட்டு நாணலுக்குள்ள ஓடிடுச்சு. இன்னும் கூட்டம் சேர்ந்தா பட்டினியாவே செத்துடும். கால்நடை டாக்டரை வரச்சொல்லியிருக்கேன்."

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

"இருந்தாலும்... உங்களைப் பொறாமைக்காரர்னு இல்ல பேசிட்டுப் போறாங்க?"

"பேசட்டும். இறக்கை சரியாகி ரெண்டும் பறந்து போகட்டும். அப்புறம் அதே ஆட்களைக் கூட்டி வெச்சு, 'எனக்குத்தான் கண்ணு சரியில்லை, இந்தம்மா சொன்னதுதான் சரி'ன்னு நானே சொல்லிடறேன்."