ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

எஞ்சின் மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

தகநோபு அதன்மேல் குனிந்து நின்றான். எங்கள் விவாகரத்து அன்றைக்குக்கூட அவன் முகம் இப்படி வாடவில்லை. நகராட்சி அலுவலகத்தில் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று யோசித்தவன் அவன்.

உள்ளே சுழலும் முக்கோண ரோட்டரின் முனையில் ஒரு மெல்லிய சீல் இருக்கும். அது உடைந்து, உள்சுவரைச் சுற்றிலும் கீறி வைத்திருந்தது. போன ஞாயிறு சாயங்காலம், புதுக் காதலியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது வெடித்ததாம். அவள் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாளாம். பட்டறைக்காரர் ஒக்கிமோத்தோ அண்ணன் இதைச் சொன்னபோது, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அண்ணன் இரண்டு வழி சொன்னார். இதையே பிரித்து, கெட்டதை மாற்றித் திரும்பக் கட்டலாம். இல்லையென்றால் வேறு எஞ்சினை மாட்டலாம், இது பழைய இரும்புக்குப் போகும்.

தகநோபுவுக்கு இதையேதான் கட்ட வேண்டும். தொழிற்சாலையில் எஞ்சின் பூட்டுகிறவன் அவன். இது கல்யாணத்துக்கு முன்னால் அவன் கையாலேயே பூட்டியது.

ஆனால் வண்டி என் பேரில் இருக்கிறது. அவன் குடிபோன அடுக்குமாடியில் நிறுத்த இடமில்லை. இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று தராமல் வண்டி யார் பேருக்கும் மாறாது. அதனால் அது என் வீட்டுக்குக் கீழேயே நின்றது. கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் என் பெயர் முத்திரை தாளில் விழாமல் ஒக்கிமோத்தோ அண்ணன் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டார்.

முத்திரை என் கைப்பையில் இருந்தது. வேறு எஞ்சின் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அதுவும் இந்த மாதிரி ரோட்டர் சுழலும் ரோட்டரி இல்லை. ஊரில் எல்லார் வண்டியிலும் இருக்கிற சாதாரண பிஸ்டன் எஞ்சின். ரோட்டரி வண்டிக்குப் பேர்போன எங்கள் ஹிரோஷிமாவில் ஒரு ரோட்டரிக்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

பின்னே? ஞாயிறு தவறாமல் வருவான். வண்டியைத் துடைப்பான், கிளப்புவான், ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நிறுத்துவான், கிளம்பிவிடுவான். மாடி ஜன்னலில் அவன் மகள் நின்றுகொண்டிருப்பாள். மிசாதோ, மூன்றாம் வகுப்பு. நல்லா படிக்கிறியா என்று கீழேயிருந்தே ஒரு வார்த்தை கேட்பான். அவ்வளவுதான் அப்பா.

கொஞ்ச நாளாகத்தான் அவனுக்குச் சனி பிடித்திருந்தது. எந்த ஞாயிறும் வண்டி ஒழுங்காகக் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, காயவைத்து, எண்ணெய் விட்டு, பொழுது சாயும்வரை மல்லுக்கட்டுவான். நன்றாக வேண்டும் என்று மேலே நின்று ரசித்தேன். பட்டினி கிடக்கட்டும் என்றால் மிசாதோ கேட்க மாட்டாள். சோற்று உருண்டைகளை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிடுவாள்.

அண்ணன் ஒரு பிளக்கைத் துணியில் வைத்து நீட்டினார். தகநோபு அதை முகர்ந்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரோ தினமும் கிளப்பிட்டு உடனே உடனே அணைச்சிருக்காங்க," என்றான். "சூடேறாம அணைச்சா பெட்ரோல் உள்ள தேங்கி எண்ணெயையெல்லாம் கழுவிடும். அப்புறம் சீல் தேயாம என்ன செய்யும்?" என் பக்கம் திரும்பினான். "நீதானே? இவ்வளவு வஞ்சமா உனக்கு?"

எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருந்தால் என்றைக்கோ செய்திருப்பேன், அது வேறு விஷயம்.

சாவி எப்போதும் வாசல் அலமாரிமேல்தான் கிடக்கும். நான் சூப்பர் மார்க்கெட்டில் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். அதற்கு முன்னால் வீட்டில் இருப்பவள் ஒருத்திதான்.

அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சாவியைத் திருகக் கற்றுக்கொடுத்தவனும் இவன்தான். சூடேறாமல் அணைக்காதே கண்ணு, அப்புறம் அப்பா நாள் முழுக்க இங்கேயே உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொடுத்தான்.

நாள் முழுக்க.

நான் மேலே நின்று எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்?

"ஆமா, நான்தான்," என்றேன். "இன்னமும் செய்வேன்."

அவன் கண்ணில் இருந்த வெறுப்பைப் பார்த்தேன். இருக்கட்டும். என்மேலேயே இருக்கட்டும்.

இதை இவன் ஒருத்தனே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிரித்துக் கட்டினால் எவ்வளவு நாள் ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். புதுவருஷம் தாண்டிவிடும் என்றார். வெளியே ஜூன் மாத மழையே இன்னும் முடியவில்லை.

சரி, எல்லாவற்றையும் என் வீட்டுக்குக் கீழே கொண்டுவந்து இறக்குங்கள் என்றேன். அங்கேதான் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஞாயிறு வராமல் போனாலும் பிஸ்டன் எஞ்சின்தான்.

தகநோபு பதறினான். ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் புதுக் காதலிக்கும் லீவு என்றான், மாதம் ஒரு தரமாவது விட்டுக்கொடுக்கச் சொன்னான். எனக்குக் கேட்கவே இனிப்பாக இருந்தது. முடியாது என்றேன்.

அவன் உடைந்த எஞ்சினைப் பார்த்தான், என் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தான். கடைசியில் தலையாட்டினான்.

"இது ஒத்த ஆள் வேலை இல்ல," என்று முனகினான். "அந்தப் பக்கம் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

முத்திரையை மையில் தொட்டு அண்ணனின் தாளில் அழுத்தினேன்.

"மாடியில ஒரு ஆள் இருக்கா," என்றேன். "மேல ஏறிப் போய்க் கேளு."