ஆறாவது வக்கீல்

"அஞ்சு பேரை முடிச்சாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி!" என்று போனில் சிரித்தான் வேட்.

"அடப்பாவி! நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நிஜமாவே கிளம்பிட்டியா?" என்றான் நண்பன் கஸ்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊருக்கு மொத்தமே ஆறு வக்கீல்கள். ஒருவரிடம் உட்கார்ந்து வழக்கைச் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அவர் எதிர்த்தரப்புக்கு நிற்க முடியாது. விவாகரத்து கேட்டிருக்கும் மனைவி கொரீனுக்கு ஒரு வக்கீலும் கிடைக்கக் கூடாது. ஏழு வயது மகள் டெஸ் அவனிடம்தான் வளர வேண்டும். பழைய டிரக்குகளை அடித்துப் பேசி வாங்கி விற்று முன்னுக்கு வந்தவனுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

ஒன்றுதான் புரியவில்லை. ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள்.

"குழந்தையோட டீச்சர் பேர் என்ன?"

"அவ அம்மாவுக்குத் தெரியும்."

"எந்த மருந்து ஒத்துக்காது?"

"அதுவும் அவ அம்மாவுக்குத்தான்..."

இதெல்லாம் எதுக்கு இவங்களுக்கு?

ஆறாவது அலுவலகம் தூண்டில் கடைக்கு மேல் மாடியில். வக்கீலம்மா மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேட்தானே? திங்கட்கிழமையிலேர்ந்து எதிர்பார்த்துட்டிருக்கேன்."

"கொரீன் முந்திக்கிட்டாளா?" மேஜையில் ஓங்கி அறைந்தான். பேனாக்கள் உருண்டன.

"கத்தாதீங்க. தன் வழக்கைப் பத்தி அவங்க வாயே திறக்கலை. திறந்திருந்தா நான் உங்களுக்கு நிக்க முடியாதே. 'எங்க வீட்டுக்காரர் ஒரு டயர் வாங்கணும்னாக்கூட எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டு, கடைசியா இருக்கறதிலேயே மலிவான கடைக்குத்தான் வருவார்'னாங்க. அந்தக் கடை நான்தானாம்!"

சிரித்தபடி ஒரு காகிதத்தை நீட்டினாள். கொரீனின் கையெழுத்து.

'டீச்சர் மிஸ் ஹால்வர்சன். பென்சிலின் ஆகாது. ஷூ சைஸ் பதின்மூன்று. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். கூப்பிட்டால் வரமாட்டாள், நாமும் அடியில் போய்ப் படுக்க வேண்டும்...'

வேட் நிறுத்தினான். "இதை எதுக்கு உங்ககிட்ட குடுத்தா?"

"கடைசி வரிகளைப் படிங்க."

'ஜட்ஜ் இதையெல்லாம் கேட்பார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, கோபத்தில் கத்திவிடுவார். டெஸ்ஸைப் பார்க்கவே கூடாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டால்? தயவுசெய்து அவரை மனப்பாடம் செய்ய வையுங்கள். அவளுக்கு அப்பாவும் வேண்டும்.'

வேட் உருண்டு கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜையில் வைத்தான்.

"மேடம், நான் இன்னும் என் வழக்கைப் பத்தி உங்ககிட்ட எதுவும் சொல்லலையே?"

"ஒரு வார்த்தைகூட இல்லை."

"அப்ப நான் இங்க வரவே இல்லை. கொரீன் வருவா. அவளுக்கு நில்லுங்க."

காகிதத்தை மட்டும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான் வேட்.