சாரம் கட்டாமல்

முத்தலிப் களிசானின் இரண்டு கால்களையும் பிடித்து எதிரெதிரே இழுத்தார். முகம் சிவக்கும்வரை இழுத்தார்.

"கிழியாது காக்கா. ட்ரில் துணி. மூணு தையல்," என்றான் மசூர்.

கல்முனைக் கடைத்தெருவில் அவனுடைய புடவைக்கடைக்கு வந்து துணியைத் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. முகர்ந்து பார்ப்பவர்கள்கூட உண்டு. கயிறிழுக்க வந்தவர் இவர்தான் முதல்.

முத்தலிப் மேசன். தலை நரைக்கும்வரை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டுதான் சுவர் எழுப்பியவர். களிசான் என்னும் நீளக் காற்சட்டைக்குள் கால் விட்டதே இல்லை.

யுத்தம் முடிந்த கையோடு ஊருக்கு ஒரு பெரிய கட்டட வேலை வந்திருந்தது. வெளியூர்க் கம்பனி. காலையில் போனவரை சுப்பவைசர் வாசலிலேயே மறித்தார்.

"சாரம் கட்டிக்கொண்டு மேல ஏறக் கூடாது."

"சாரம் கட்டாம எப்படி மேல ஏறுற?"

முத்தலிப் நினைத்தது கம்பும் பலகையும் வைத்துக் கட்டும் சாரத்தை. சுப்பவைசர் சொன்னது இடுப்பில் கட்டும் சாரத்தை. ஆளுக்கு ஆள் விளங்கி முடிவதற்குள் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாளைக்குக் களிசானோடு வா, இல்லாவிட்டால் வராதே என்று சுப்பவைசர் முடித்துவிட்டார்.

மாரி தொடங்கப் போகிறது. மாரியில் ஊருக்குள் மேசனுக்கு வேறு வேலை கிடையாது.

அதனால்தான் பெண்சாதி ஹாஜறாவையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். ஹாஜறா கதவோரக் கதிரையில் இருந்தாள்.

முதல் களிசான் முழங்காலில் பிடித்தது. அடுத்தது குந்தினால் பின்னால் இறங்கியது. கடைசியாக இந்த ட்ரில் களிசான். முத்தலிப் அதை உடுத்துக்கொண்டு குந்தினார். ஸ்டூலில் ஏறினார். தொழுகையில் இருப்பதுபோல் இருந்து எழும்பினார். எங்கேயும் பிடிக்கவில்லை.

"பாத்தீங்களா? முழங்காலுக்கு ரெட்டைத் துணி. சுத்தியல் கொழுவ வளையம். இத உடுத்தா மறுகா கடல் வந்தாலும் கழறாது காக்கா!"

சொல்லிவிட்டு மசூர் நாக்கைக் கடித்தான். கடிக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

கடற்கரைப் பக்கம் இரண்டு முத்தலிப் இருக்கிறார்கள். எந்த முத்தலிப் என்று கேட்டால் இவரை 'சாரம் போன முத்தலிப்' என்பார்கள். சுனாமியன்று பள்ளிக்கூடத்து மேல்தட்டில் ஜட்டியோடு நின்றவர். சாரத்தைக் கடல் உருவிக்கொண்டு போய்விட்டது. மையித்து எடுத்து அடக்கிய வீட்டுக்காரர்கள்கூட கொஞ்ச நாள் போக அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்கும் சிரிக்க ஒன்று வேண்டியிருந்தது. முத்தலிப்பும் கூடச் சிரித்தார்.

இப்போது சிரிக்கவில்லை.

"கழறாதா?"

"கழறவே கழறாது."

"அவசரத்துக்கும்?"

"மேல பெல்ட்டும் போட்டா ஆராலயும் உருவ ஏலா."

"அப்ப வேணாம் தம்பி."

உடுத்துப் பார்க்கும் மூலைக்குப் போனார். சாரத்தோடு திரும்பி வந்தார். களிசானை மடித்து மேசையில் வைத்தார்.

"என்ன கதை காக்கா இது? விடிஞ்சா வேலை. ஊருல மனிசன் கழறாத களிசான் தேடித்தான் வாற. நீங்க கழறுற களிசானா தேடுறீங்க?"

முத்தலிப் வாசலைப் பார்த்தார்.

ஹாஜறா எழும்பி வந்தாள். களிசானை எடுத்தாள். இரண்டு கால்களின் நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு இன்னொரு முடிச்சு. களிசான் வளையமாகிவிட்டது. அந்த வளையத்தை ஹபாயாவுக்கு மேலால் தலைவழியே விட்டு, இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, கமக்கட்டுக்குக் கீழே இறக்கினாள்.

களிசானின் இடுப்புப் பக்கத்தைப் புருசனிடம் நீட்டினாள்.

"இழுங்க."

"புள்ள, கடைக்குள்ள..."

"இழுங்க எண்டன்."

முத்தலிப் துணியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தார். ஹாஜறா இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தாள். மசூர் ஓடிவந்து கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

தையல் பிரியவில்லை. முடிச்சும் அவிழவில்லை.

"என்ன ராத்தா செய்றீங்க?"

"சாரத்தக் கடல் எடுக்கல்ல மசூர்," என்றாள் ஹாஜறா, வளையத்துக்குள் நின்றபடியே. "கடல் எடுத்த என்ட சாறிய."

"ஹாஜறா," என்றார் முத்தலிப்.

"இரிங்க, செல்லிப் போட்டு வாறன். நான் தண்ணிக்குள்ள. இவர் மேல நிண்டு சாரத்தக் கழட்டி ஒரு பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு எறிஞ்சார். வளையமா மூட்டின சாரம்தானே, இப்படித்தான் உள்ள பூந்தன், இவர் இழுக்க மேல வந்தன். வந்து பாத்தா உடம்புல வேற ஒண்டும் இல்ல. அதையே சுத்திக்கிட்டுத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால கிடந்தன். ஆரும் அங்கால வந்திராம இவர் முன்னுக்கு நிண்டார்."

மசூர் கையை விரித்தபடியே நின்றான். மடக்க மறந்துவிட்டான்.

ஹாஜறா வளையத்தைக் கழற்றி முடிச்சுகளை அவிழ்த்தாள். சுருக்கத்தைத் தட்டிவிட்டாள்.

"இதையே பார்சல் கட்டுங்க மசூர்."

மசூர் களிசானைப் பைக்குள் வைத்தான். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அளவைப் பற்றிச் சொன்னான்.

"இடுப்பு கொஞ்சம் பெருசு காக்காக்கு."

"எனக்கு அளவு," என்றாள் ஹாஜறா.

அவன் கொழுவியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தான். ஆகத் திறமானதை. சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று பைக்குள் போடப் போனான்.

முத்தலிப் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

"வேணாம் தம்பி. கழட்ட நேரம் போகும்."